கட்டாத பிராது

கோப்பைக்குக் கை வைப்பதுதான் நீலாவதியின் உத்தியோகம். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. அச்சிலிருந்து கழற்றும்போது டீ கோப்பைகள் மொட்டையாகத்தான் இருக்கும். கைப்பிடியைத் தனியே செய்து, கூழாகக் கரைத்த மண்ணைத் தொட்டு, ஈரம் காய்வதற்குள் ஒட்ட வேண்டும். அவள் புருஷன் மாணிக்கவேலுக்கு அதே கம்பெனியில் சூளை வேலை. அவள் ஒட்டிய கைகளில் சில அவனுடைய சூளைக்குள் போய் வரும்போது கோணிக்கொள்ளும். குற்றம் ஒட்டினவள் மேலா, சுட்டவன் மேலா என்பது அந்தக் குடும்பத்தில் தீராத வழக்கு. கோணின கோப்பைகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிடுவார் மேஸ்திரி. அதனால் அவர்கள் குடியிருந்த வரிசையில் மூன்று வீட்டிலும் நேராக நிற்கிற கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. விருந்தாளிகள் டீயைக் கையில் வாங்கியதும், தாங்கள்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோமோ என்று ஒரு தடவை நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீலாவதியைத் தெரிந்துகொள்ள அவளுடைய நியாயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனுஷர்களிடம் அந்த நியாயம் கொஞ்சம் இளகினது. சந்தையில் கத்தரிக்காய் விலையைக் குறைக்க, என்றைக்கோ செத்துப்போன மாமியாரைப் படுக்கையில் கிடத்தி வைத்தியச் செலவு சொல்லுவாள். தெய்வத்திடம் மட்டும் கறார். ஒரு தடவை பழமலைநாதர் கோயிலில் நெய் விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பினவளுக்கு, நெய்யில் டால்டா கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வந்த வழியே திரும்பிப் போய்ச் சந்நிதியில் நின்று, "அது கடைக்காரன் பண்ண வேலை, எம்மேல எழுதிக்காத" என்று சொல்லிவிட்டு, வேறு கடை நெய்யில் இன்னொரு விளக்கு ஏற்றிய பிறகுதான் வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தாள்.

"ஏன், சாமிக்கு ருசி தெரியாதா?" என்று மாணிக்கவேல் கேட்டான்.

"தெரியும்னுதான் போனேன்" என்றாள்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் கோதண்டபாணி. நிலக்கடலை மண்டி வைத்திருந்தார். இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி. முன்பக்கம் அவருடைய பெரிய வீடு. பின்னால் கிணறு, முருங்கை மரம், அதற்கப்பால் ஒரே கூரையின் கீழ் மூன்று குடித்தன வீடுகள். ஒன்றில் நீலாவதி குடும்பம். நடுவில் சொர்ணாம்பாள், புருஷன் போன பிறகு ஜங்ஷன் பக்கம் இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். கடைசியில் அர்ச்சுனன்; பெண்ணாடம் போகிற பஸ்ஸில் கண்டக்டர், இன்னும் கல்யாணம் ஆகாதவன், எல்லாச் சட்டமும் அறிந்தவன்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். எப்போது வந்தாலும் முதலில் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக் காய்களைக் கண்ணால் எண்ணுவார். அன்று மரத்தைப் பார்க்கவில்லை. அதைக் கண்டதுமே சொர்ணாம்பாள் இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு வூட்டையும் காலி பண்ணிக் குடுத்துடணும்" என்றார்.

"எந்த வெள்ளிக்கெழமைங்க?" என்றாள் சொர்ணாம்பாள்.

"வர்ற வெள்ளிக்கெழமன்னா வர்ற வெள்ளிக்கெழமதான். அதுல எத்தினி இருக்குது?"

விஷயம் இதுதான். அவர் மனைவி அம்புஜவல்லியின் தம்பி தங்கராசு பெண்ணாடத்தில் இருந்தான். விருத்தாசலத்தில் ஜவுளிக்கடை வைக்கக் குடும்பத்தோடு வருகிறான். நடுச்சுவர்களை இடித்து மூன்று வீட்டையும் ஒன்றாக்கி அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்புஜவல்லியின் உத்தரவு. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது. ஆடிக்கு முன்னால் நல்ல நாள் என்று ஜோசியர் விட்டுவைத்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத்தான்.

"அவங்களுக்கு ஆடி வந்துடுதுன்னா எங்களுக்கு வராதாங்களா?" என்றாள் நீலாவதி. "ஆடியில எங்களுக்கு மட்டும் யாரு வூடு குடுப்பா?"

"அதான் ஆடிக்கு முன்னாடியே போவச் சொல்றேன்."

"எம்பொண்ணு மாசமா இருக்குதுங்க. எட்டாவது மாசம். வவுத்துப்புள்ளக்காரிய வெச்சிக்கிட்டு யாராச்சும் வூடு மாத்துவாங்களா? அது பெத்து எழுந்திருக்கட்டும், நானே சாவியக் கொண்டாந்து ஒங்க கையில குடுக்கறேன்."

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த கனகா வாசற்படியில் உட்கார்ந்து பச்சரிசி மென்றுகொண்டிருந்தாள். கோதண்டபாணி அவளைப் பார்த்தார், உடனே பார்வையைக் கிணற்றுக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். குரலைத் தாழ்த்தி, முன்வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவளுக்கும் தெரியும். தம்பின்னு வந்துட்டா தெரிஞ்சதெல்லாம் மறந்துடுது" என்றார். பிறகு முன்வீட்டுக்குக் கேட்கிற குரலில், "வெள்ளிக்கெழம. சொல்லிட்டேன்" என்று முடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த அர்ச்சுனன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "வாயால சொன்னா நோட்டீஸே கெடையாது அக்கா. வாடகைக்காரன காலி பண்ண கவர்மென்ட்டுல சட்டம் போட்டிருக்கான். எழுத்துல குடுக்கணும். காரணம் சொல்லணும். அவகாசம் குடுக்கணும். இருங்க, ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். கையில் மண்டித் துண்டுச் சீட்டு. மூட்டை எடை எழுதுகிற சீட்டின் முதுகில், 'வெள்ளிக்கிழமை காலி' என்று எழுதி, கோதண்டபாணி கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எழுத்துல கேட்டேன். குடுத்துட்டாரு" என்றான் அர்ச்சுனன்.

"சட்டம் பேசிக் கெடச்சது இதானாடா தம்பி?" என்றாள் சொர்ணாம்பாள். "வாயால சொன்னதையாவது இல்லன்னு சொல்லியிருக்கலாம். இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டு வந்து நிக்கற."

மறுநாள் வேலை முடிந்து நீலாவதி வீடு தேடப் போனாள். இரண்டு தெருவில் நான்கு வீடு காலியாக இருந்தது. எல்லோரும் முதலில் நன்றாகத்தான் பேசினார்கள். பிரசவத்துக்கு வந்த மகள் இருக்கிறாள் என்றதும் எல்லோருக்கும் ஒரே பதில்தான். புதுசாகக் குடி வந்த வீட்டில் முதல் காரியமே பிள்ளைப்பேற்றுத் தீட்டாக இருக்க வேண்டாம். பிள்ளை பிறந்து பதினாறு நாள் கழித்து வரட்டும், தாராளமாகத் தருகிறோம். தவறாகவும் சொல்ல முடியாது. நீலாவதியே வீட்டுக்காரியாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கனகாவை மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால், தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை இடமில்லை என்று அனுப்பின அம்மா என்கிற பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

"பாக்கலாம்" என்றான் மாணிக்கவேல். எதற்கும் அவன் சொல்லுகிற வார்த்தை அது.

"நீ பாத்துக்கிட்டே இரு. நான் கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப் போறேன்" என்றாள் நீலாவதி.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். யாராவது நமக்கு அநியாயம் செய்தால், போலீசுக்கு எழுதுவதுபோலவே, இன்னார் இன்ன ஊர், இன்னது செய்தார் என்று காகிதத்தில் எழுதி, சாமி காலில் வைத்துப் பூஜை செய்து, கோயிலில் கட்டிவிட்டு வரலாம். கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவரும் அமீனாவுக்குப் படிப்பணம் கட்டுவதுபோல, சாமி நடந்து வருகிற தூரத்துக்கு ஏற்ற படி உண்டு. மூன்று நாளிலோ மூன்று வாரத்திலோ, கடைசியாக மூன்று மாதத்துக்குள்ளோ தீர்ப்பு ஆகிவிடும் என்பது நம்பிக்கை. நடுவில் சமாதானமாகிவிட்டால் சும்மா இருந்துவிட முடியாது. கட்டினவர் போய் ராஜினாமா கொடுத்து வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட இதற்குப் பயப்படுவார்கள்.

ஆனால் நீலாவதிக்கு ஒரு சிக்கல் இருந்தது. கை சுத்தமாக இருப்பவர்தான் பிராது கட்டலாம் என்பது அவள் கட்சி. எதிராளிக்கு நாமும் ஏதாவது குற்றம் செய்திருந்தால் சாமி முதலில் நம்மைத்தான் விசாரிப்பார். கோயிலில் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆட்டைக் காணோம் என்று பிராது கட்டின ஒருவனுக்கு அவனுடைய காலே வீங்கிப்போனது அவளுக்குத் தெரியும். அது அவன் வேறொருத்தனிடம் திருடின ஆடு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வீட்டாரையும் கிணற்றடியில் கூட்டினாள்.

"மண்டிக்காரருக்கு நாம என்னென்னா பண்ணியிருக்கறோம்? ஒளிக்காம சொல்லுங்க. ஒருத்தர் ஒளிச்சாலும் எம்பொண்ணுக்குத்தான் வந்து விடியும்."

சொர்ணாம்பாள்தான் ஆரம்பித்தாள். "முருங்கக்கா."

"எத்தினி?"

"எத்தினின்னு கேட்டா? நான் இங்க வந்ததுலேருந்து சாம்பாருக்குக் கா வாங்கினதே இல்ல."

"அக்கா, கடையில ஒங்க சாம்பார தின்னவங்களுக்கும் இதுல பங்கு உண்டா?" என்றான் அர்ச்சுனன்.

"நீ ஒன்னோடத சொல்லு."

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். அவன் வீட்டு ரேடியோவுக்கு வருகிற கரண்ட்டு அவனுடைய கரண்ட்டு இல்லை. முன்வீட்டுப் பின்புற விளக்கிலிருந்து ஓட்டுக்கு அடியில் ஒயர் இழுத்திருந்தான். அதைத் தவிர, சட்டை மாட்டவும் காலண்டர் மாட்டவும், ஒன்றும் மாட்டாமல் சும்மாவும், சுவரெல்லாம் ஆணி.

"பயிரு வெதச்ச மாதிரி அடிச்சி வெச்சிருக்கறியே" என்றாள் நீலாவதி. "சும்மா எதுக்குடா ஆணி?"

"கல்யாணம் ஆனா அவளுக்கு எதனா மாட்ட வேணாமா அக்கா?"

பிறகு நீலாவதியின் முறை. கோப்பைகளை அடுக்குவதற்காக அடுப்படிச் சுவரைக் கேட்காமல் குடைந்து மாடம் செய்திருந்தாள். கம்பெனி மண் அப்பின சேலைகளை அலசி அலசிச் சாக்கடையில் வெள்ளை மண் பாறையாக இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் முன்வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்குவது அதனால்தான். அதற்குப் பக்கத்து மனைக்காரன்தான் காரணம் என்று கோதண்டபாணி அவனோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார். அவரை அப்படி நினைக்க வைத்ததும் நீலாவதிதான்.

"இம்மாம் பண்ணிட்டு அவரு மேல பிராதா?" என்றான் மாணிக்கவேல். "அவரு நம்ம மேல கட்டாம இருந்தா சரி."

"அதான், எல்லாத்தையும் சரி பண்ணிட்டுக் கட்டுவோம்."

செவ்வாய்க்கிழமை அர்ச்சுனன் லீவு போட்டான். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைச் சுண்ணாம்பால் அடைத்தான். ஒயரைக் கழற்றினான், ரேடியோ ஊமையானது. மாணிக்கவேல் மாடத்தைச் செங்கல் வைத்து மூடிப் பூசினான். சாக்கடையில் கிடந்த மண்ணைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தான். சொர்ணாம்பாள் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்து, முன்வீட்டு வாசலில் கட்டுக் கட்டாக வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஒட்டுப்போட்ட சுவர் அசிங்கமாக இருக்கவே, புதன்கிழமை மூன்று வீட்டுக்கும் சேர்த்து வெள்ளையடித்தார்கள். நீலாவதி வேலைக்குப் போகும் வழியில் பக்கத்து மனைக்காரனிடம் நின்று, தண்ணீர் தேங்கினதற்கு அவன் காரணமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் இறங்கி வந்து தன் பக்கத்துச் சாக்கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

இதையெல்லாம் கோதண்டபாணி முன்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி பிடுங்குகிறார்கள். சாக்கடை தள்ளுகிறார்கள். வெள்ளையடிக்கிறார்கள். ரேடியோவைக்கூடக் கட்டி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, சத்தமே இல்லை. காலி பண்ணிக்கொண்டு போகிறவர்கள் கதவைத் தாளோடு பெயர்த்துக்கொண்டு போவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"தங்கமான ஜனங்கடி" என்றார் மனைவியிடம். "போற வூட்டுக்கு எவனாச்சும் சுண்ணாம்பு அடிப்பானா? முருங்கக்கா வேற வாங்கி வெச்சிட்டுப் போயிருக்குது பாரு அந்தம்மா."

அம்புஜவல்லிக்கும் மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து ஒரு தூக்கு நிறைய முறுக்குச் சுட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்று வெண்ணெய் தூக்கலாகப் போட்டு, புதன்கிழமை சாயங்காலம் தானே கொண்டுபோய்க் கனகா கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலையிலிருந்து திரும்பிய நீலாவதி தூக்கைப் பார்த்தாள். "ஏதுடி இது?"

"முன்வூட்டு அம்மா குடுத்தாங்க."

"யாரும் தொடாதீங்க. எதிராளி பலகாரம். நாளக்கிப் பிராது கட்டணும்."

வாயில் முறுக்கோடு மாணிக்கவேல் அப்படியே நின்றான். கனகா வெறும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தூக்கில் முக்கால் பாகம் காலி.

"ரெண்டு பேருமா?" என்றாள் நீலாவதி.

"மூணு பேருன்னு வெச்சிக்க" என்றான் மாணிக்கவேல், மகளின் வயிற்றைப் பார்த்து. "நல்லாத்தான் சுட்டிருக்குது அந்தம்மா. நீயும் ஒண்ணு தின்னுட்டுக் கட்டு."

நீலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. ஆணி பிடுங்கலாம், சுவர் பூசலாம், வயிற்றுக்குள் போன முறுக்கை என்ன செய்வது?

வியாழக்கிழமை காலையில் அதைவிடப் பெரிய இடி வந்தது. கோதண்டபாணியின் மண்டி மாட்டுவண்டி பின்வாசலில் வந்து நின்றது. பக்கவாட்டுப் பலகையில் நீலப் பெயிண்டில் 'கோதண்டபாணி மல்லாட்டை மண்டி' என்று எழுதின வண்டி. வண்டிக்காரன் காத்தவராயன் முன்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"மொதலாளி அனுப்பினாருக்கா. சாமான ஏத்திக்கிட்டு, அவங்க எங்க போவணுமோ அங்க கொண்டும்போய் வுட்டுட்டு வான்னாரு. வாடக கெடையாதாம்."

"எங்களுக்கு வண்டி வாணாம். நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போறேன்."

"அங்கதான் போவணும்னா அங்க போவோம். ஏறுக்கா."

எதிராளியின் வண்டியில் ஏறி எதிராளியின் மேல் பிராது கட்டப் போவதா? நீலாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். துணைக்குச் சொர்ணாம்பாளும் நடந்தாள். காத்தவராயனுக்கு முதலாளி சொல் ஒன்றுதான் தெரியும். கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார். வண்டியைப் பின்னாலேயே ஓட்டினான். மணவாளநல்லூர் வரைக்கும் இரண்டு பெண்கள் வெயிலில் முன்னால் நடக்க, காலி வண்டி ஒன்று சலங்கை குலுங்கப் பின்னால் போனது.

"நீலா, எனக்குக் காலு நோவுது" என்றாள் சொர்ணாம்பாள் பாதி வழியில். "நான் பிராது கட்டலயே. நான் ஏறிக்கலாமில்ல?"

"முருங்கக்கா தின்னவங்க பேசாம நடங்க அக்கா."

கோயிலில் பூசாரியிடம் நீலாவதி நேராகக் கேட்டாள். "எதிராளி வூட்டு முறுக்கத் தின்னுட்டு அவரு மேல பிராது கட்டலாங்களா?"

பூசாரியிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. "நீ தின்னியா?"

"எம்புருஷன். எம்பொண்ணு."

"முறுக்குக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. ஒம்மனசுக்குச் சரின்னு பட்டா எழுதிக் குடு. படலன்னா விட்டுடு."

அவள் மனசுக்குச் சரியென்று படவில்லை. அவர் ஐந்தே நாள் அவகாசம் கொடுத்தது அநியாயம்தான். ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால், வண்டி அனுப்பினார், பலகாரம் கொடுத்தார், வெளியே அவருடைய ஆள் சொர்ணாம்பாளுக்குக் குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்ட எதிராளியை வைத்துக்கொண்டு என்னவென்று எழுதுவது?

சந்நிதியில் போய் நின்றாள். "நான் பிராது கட்ட வரல" என்றாள். "அவரு மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. எம்பொண்ணு பெத்து எழுந்திருக்கற வரைக்கும் ஒரு எடம் வேணும். சொல்லிட்டுப் போவ வந்தேன்." விபூதியை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இதற்குள் வெளியே ஒரு காரியம் நடந்துவிட்டது. சொந்தப் பிராது விஷயமாக வந்திருந்த பெண்ணாடத்துக்காரர் ஒருவர், வண்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் காத்தவராயனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மண்டிக்காரரு வண்டியா? என்னா விஷயமா வந்தது?"

"இங்க வேற எதுக்கு வருவாங்க? பிராதுதான்."

"யாரு மேல?"

"அதெல்லாம் தெரியாது. வூட்டு விஷயம்னு பேசிக்கிட்டாங்க. பெண்ணாடத்துலேருந்து யாரோ குடி வர்றாங்களாம். அதுலதான் தகராறு."

காத்தவராயன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெண்ணாடத்துக்காரர் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் கோதண்டபாணி குளித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தார். மூன்று வீட்டிலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"என்னாது, இன்னும் கெளம்பலியா?"

"எங்கங்க போறது?" என்றாள் நீலாவதி.

"அப்பறம் எதுக்கு வெள்ளையடிச்சீங்க?"

"அது வேற கணக்குங்க."

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் முன்வாசலில் சத்தம் கேட்டது. தங்கராசு வந்திருந்தான். சாமான் இல்லை, பெண்டாட்டி பிள்ளைகள் இல்லை, தனியாள். வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று தெருவிலேயே நின்றான்.

"உள்ள வாடா தம்பி, பாலு காய்ச்சணும்" என்றாள் அம்புஜவல்லி.

"நான் வல்லக்கா. மாமா, ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். இதுக்குப் போயி சாமிகிட்ட பிராது கட்டணுமா? புள்ளகுட்டிக்காரன் மாமா நானு."

"யாரு கட்டினா?"

"ஒங்க வண்டி நேத்து கொளஞ்சியப்பர் கோயில்ல நின்னுதா இல்லியா?"

காத்தவராயனைக் கூப்பிட்டார்கள். "நின்னுது" என்றான். யார் சொல்லிப் போனாய் என்று அம்புஜவல்லி கேட்டாள். "மொதலாளி சொல்லித்தான்."

"யாரக் கூட்டிட்டுப் போன?"

"யாரும் ஏறலம்மா. வண்டி காலியாத்தான் போச்சி."

அம்புஜவல்லி கணவரின் பக்கம் திரும்பினாள். "காலி வண்டியக் கோயிலுக்கு அனுப்பியிருக்கறீங்க. என்னாத்துக்கு?"

கோதண்டபாணி காத்தவராயனை முறைத்தார். சத்தம் கேட்டு வந்த நீலாவதிக்கு மனசு பொறுக்கவில்லை. "அம்மா, அவரு மேல தப்பில்ல. நாந்தான் பிராது கட்டப் போனேன். கட்டாம வந்துட்டேன்."

"ஏன் கட்டல?" என்றான் தங்கராசு.

"முறுக்குத் தின்னுட்டோம்."

தங்கராசு தலையை ஆட்டினான். "பாத்தியாக்கா? பின்னாடி இருக்கற பொம்பளைய அனுப்பிக் கட்டச் சொல்லிட்டு, கேட்டா முறுக்குங்கறாங்க. கூலி பேசினா பொருத்தமா ஒரு பொய்யக்கூடவா சொல்லிக் குடுக்க மாட்டீங்க மாமா?"

நீலாவதி வாழ்க்கையில் மனுஷர்களிடம் சொன்ன பொய்யையெல்லாம் ஊர் நம்பியிருக்கிறது. அன்று சொன்ன ஒரே உண்மை எடுபடவில்லை.

ராஜினாமா கொடுத்தால் குடி வருகிறேன் என்றான் தங்கராசு. அம்புஜவல்லி அன்றைக்கே கணவரையும் தம்பியையும் மணவாளநல்லூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோதண்டபாணி பெயரில் பிராது எதுவும் இல்லை என்றார் பூசாரி. கட்டாத பிராதுக்கு எப்படி ராஜினாமா வாங்குவது? வேறு யார் பெயரிலாவது கட்டியிருப்பார் என்றான் தங்கராசு. அங்கே கட்டித் தொங்கின அத்தனையையும் அவிழ்த்துப் பார்க்கப் பூசாரி சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒருத்தருடைய வழக்கு.

கடைசியில் தங்கராசுவே தனக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். சாமியின் கெடு மூன்று மாதம். அது கழிகிற வரைக்கும் அந்த வீட்டில் கால் வைப்பதில்லை. கழிந்த பிறகும் உடம்பில் உயிர் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் சாமிக்கு எதிராக ஒரு நல்ல வக்கீலைப் பிடிக்க முடியாதா என்றுகூடப் பஸ்ஸில் அர்ச்சுனனிடம் விசாரித்தானாம்.

அந்த மூன்று மாதமும் பெண்ணாடத்துச் செய்தி பஸ்ஸில் அர்ச்சுனனோடு தினமும் வந்து இறங்கியது. தங்கராசுக்குக் கண்ணில் கட்டி. தங்கராசு வழுக்கி விழுந்தான். தங்கராசு வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வெள்ளாற்றைத் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு செய்திக்கும் அம்புஜவல்லி கணவரோடு ஒரு வேளை பேசாமல் இருந்தாள். கோதண்டபாணி அதைத் தாங்கிக்கொண்டார். உள்ளதைச் சொல்லப்போனால் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சொல்லுகிற மச்சினன் இல்லாமல், நிம்மதியாக உப்புப் போதாத சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆவணியில் கனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளையடித்த அந்த வீட்டிலேயே, மருத்துவச்சி கையில், சுகமாக. அம்புஜவல்லி வந்து காப்பு போட்டுவிட்டுப் போனாள். தம்பி விஷயத்தில் பின்கட்டோடு அவளுக்குக் கோபமில்லை, கோபமெல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

புரட்டாசி முடிந்தது. ஐப்பசியில் ஒரு காலை, கோதண்டபாணி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். நீலாவதி பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடு முடிஞ்சிடுச்சி" என்றார் அவர். "மச்சினன் உசுரோடதான் இருக்கறான். தையில வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கறான்."

"சரிங்க" என்றாள் நீலாவதி. "சொன்ன சொல்லு சொன்னதுதான். பொண்ணு பெத்து எழுந்துட்டா. இப்பவே வூடு பாக்க ஆரம்பிக்கறேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குழந்தையைப் பார்த்தார்.

"கனகா எப்ப புருஷன் வூட்டுக்குப் போவுது?"

"கார்த்திக பொறந்ததும்ங்க. மாமியார் வூட்டுல நாள் பாத்துட்டாங்க."

"கார்த்திகயா?" கோதண்டபாணிக்கு முகம் மாறிவிட்டது. "இன்னும் ஒரு மாசம்கூட இல்லியே. பச்சப் புள்ளய வெச்சிக்கிட்டு இப்பிடித் திடீர்னு கெளம்புன்னா எப்பிடி? அஞ்சாறு மாசமாவது ஆவ வேணாமா? மனுஷாளுக்கு ஒரு அவகாசம் குடுக்க வேணாம்?"

நீலாவதி எண்ணெய்க் கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். மெல்லப் புரிந்தது.

"சம்பந்திகிட்ட நான் பேசிப் பாக்கறேங்க" என்றாள். "தை முடியட்டும்னு சொல்லவா?"

"மாசியில பனி கொறஞ்சிடும்" என்றார் அவர், முருங்கை மரத்தைப் பார்த்தபடி. "பங்குனிகூட ஒண்ணும் தப்பில்ல. கைக்கொழந்த இருக்கற வூட்ட இடிக்கறதுன்னா எம்பொண்டாட்டிக்கே மனசு வராது."

முன்வீட்டு ஜன்னலிலிருந்து அம்புஜவல்லியின் குரல் வந்தது. "என்னாங்க, காலி பண்ணச் சொல்லிட்டீங்களா?"

கோதண்டபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்றார். "கண்டிப்பா சொல்லிட்டேன்."